நீ மொழிபெயர்க்காமல் விட்டது

தம்பி, இந்தக் கடிதத்தை நீ வாசிக்கும்போது நான் பக்கத்து அறையில்தான் இருப்பேன். வாயால் சொல்ல ஏலாமல்தான் எழுதுகிறேன். உனக்கு முன்னால் இருந்து சொல்லத் தொடங்கினால் நீ என் முகத்தைப் பார்ப்பாய், நான் உடனே வேறு கதைக்கு மாறிவிடுவேன், சோறு ஆறுகிறது என்று எழும்பிப் போய்விடுவேன். அது நம் இரண்டு பேருக்கும் நல்லாய்த் தெரிந்த விளையாட்டு. நாளைக் காலை உனக்கு ஹம்பேர்க்குக்கு ரயில். வியாழக்கிழமை அந்த ஆஸ்பத்திரியின் தாதியர் பள்ளியில் நேர்முகம். அதற்கு முதல் உனக்குச் சொல்ல வேண்டியவை இரண்டு இருக்கின்றன. எழுத்து கோணலாய் இருந்தால் வயது போய்விட்டது என்று நினைக்காதே, பயத்தில்தான்.

போன வருடம் இதே பள்ளிக்கு நீ போனபோது எனக்கு இந்தப் பயம் இருக்கவில்லை. இடம் கொஞ்சம், விண்ணப்பித்தவர்கள் கணக்கில்லை, ஆஸ்பத்திரியின் பிள்ளைகள் வாட்டுக்கென்று சிறப்பாகப் படிப்பிக்கிற பள்ளி என்பதால் நாடு முழுவதிலுமிருந்து வருகிறார்கள் என்று நீ சொல்லியிருந்தாய். நான் சிரித்தேன். ஜெர்மனி முழுக்கத் தாதிமார் இல்லை என்று தினமும் செய்தியில் அழுகிறார்கள், உன்னை ஏன் வேண்டாம் என்று சொல்லப் போகிறார்கள் என்று கேட்டேன். அவர்கள் வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். நீ வேறு பள்ளிக்குப் போகலாம்தானே, எங்கள் ஊர் கெல்சென்கிர்ச்சனிலேயே கூப்பிட்டு எடுப்பார்கள் என்று நானும் அப்பாவும் சொல்லிப் பார்த்தோம். நீ கேட்கவில்லை. அந்தப் பிள்ளைகள் வாட்டுத்தான் வேண்டும் என்று நின்றாய். அதற்குள் ஒரு காரணம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பொடியனுக்குப் பிடிவாதம், என்னைப் போல என்று விட்டுவிட்டேன்.

சனத்தின் வாயையும் நீ அறிவாய். ஸ்டுட்கார்ட்டில் இயந்திரவியல் படித்துக்கொண்டிருந்த பிள்ளை பாதியில் விட்டுவிட்டு வந்து ஆஸ்பத்திரியில் உதவியாளாய் நிற்கிறான் என்றதும், கோயிலில் அர்ச்சனைத் தட்டோடு நின்ற என்னிடம் ஒரு அக்கா, “ஆம்பிளைப் பிள்ளை, பீ மூத்திரம் அள்ளவோ போகுது?” என்று கேட்டா. உங்களுக்கு ஏலாமல் வந்தால் யார் அள்ளுறது அக்கா என்று நான் திருப்பிக் கேட்டேன். அதோடு அவ என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டா, எனக்கும் அது வசதியாய்ப் போயிற்று. ஆனால் வாய் அப்படிக் கேட்டாலும் மனம் உள்ளே பயந்துகொண்டுதான் இருந்தது. நான் முதியோர் இல்லத்துச் சமையலறையில் எத்தனை வருடமாய் வேலை செய்கிறேன். அங்கே இருக்கிற தாதிமாரைப் பார்க்கிறேன். சிரித்துக்கொண்டு வேலைக்கு வந்த பிள்ளைகள் இடுப்பு நாரி பிடித்து, நித்திரை கெட்டு, பின்பக்கக் கதவடியில் நின்று சிகரெட் பத்துகிறார்கள். ஒரு பிள்ளை, தான் பார்த்து வந்த கிழவி செத்த அன்று என்னிடம் வந்து ஒரு கோப்பை சூப் கேட்டுவிட்டு, அதைக் குடிக்காமல் கையில் பிடித்துக்கொண்டே நின்றாள். உனக்கு இடம் கிடைக்காவிட்டால் என்ன செய்வாய் என்று பயம். கிடைத்தால் என்ன ஆவாய் என்று அதைவிடப் பயம்.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நான் கறிக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தேன். நீ கதிரையை இழுத்துப் போட்டு, நேர்முகத்துக்குப் பழக வேணும், நீங்கள் அந்தப் பள்ளிக்காரராய் இருங்கோ, நான் சொல்லுறதைக் கேட்டால் போதும் என்றாய். நான் வெங்காயத்தையும் இழுத்து வைத்துக்கொண்டு, நீ ஏன் இந்த வேலைக்கு வர விரும்புகிறாய் என்று அவர்களைப் போலக் குரலை இறுக்கிக் கேட்டேன். போன வருடம் இதே கேள்விக்கு, மனிதருக்கு உதவ விருப்பம் என்று சொன்னாயாம், அவர்கள் தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டார்களாம். இந்த முறை நீ தமிழை விட்டு டொச்சில் வேறொன்று சொன்னாய். “எனக்குப் பன்னிரண்டு வயதாய் இருந்தபோது என் அம்மாவுக்குப் புற்றுநோய் வந்தது. டொக்டர் சொன்னதை மொழிபெயர்க்க என்னைத் தவிர வேறு ஆள் இல்லை. நான் அதை மாற்றிச் சொன்னேன். அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. ஒரு பிள்ளை இதைச் செய்ய வேண்டி வரக்கூடாது. பிள்ளைகள் வாட்டில் அப்படி ஒரு பிள்ளை தாய் தகப்பனுக்காகக் கதைக்க வந்து நின்றால், நீ வெளியில் போய் விளையாடு, இதைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்கிற ஆளாய் நான் இருக்க வேண்டும்.” இதுதான் நீ சொன்னது. எழுத்துக்கு எழுத்து எனக்கு ஞாபகம்.

அதைச் சொல்லும்போது நீ மேசையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாய். எனக்கு விளங்குமா என்று பார்த்தாயா, விளங்க வேண்டும் என்று பார்த்தாயா என்று இன்னும் தெரியவில்லை. நான் வெட்டுவதை நிறுத்தவில்லை. “நல்லாய் இருக்கு தம்பி, கொஞ்சம் மெதுவாய்க் கதை, அவைக்கு விளங்க வேணும்” என்று சொன்னேன். நீ சரியென்று கதிரையைப் பழைய இடத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டாய். தம்பி, எனக்கு விளங்கியது. இல்லத்துக் கிழவிகளோடு கதைத்துக் கதைத்தே என் டொச் எப்போதோ தேறிவிட்டது. ஒரு சொல்லும் தவறவில்லை. இதுதான் உனக்குச் சொல்ல வேண்டிய முதலாவது.

நீ போன பிறகு அந்த நாளை ஒவ்வொரு துண்டாய்த் தேடி எடுத்தேன். கழுத்தில் ஒரு கட்டி, அதிலிருந்து ஊசியால் எடுத்துப் பார்த்திருந்தார்கள், முடிவு சொல்ல வரச்சொன்னார்கள். அப்பா அப்போது வேறு நகரத்தில் உணவகத்தில் வேலை, கிழமைக் கடைசியில்தான் வீட்டுக்கு வருவார். கூட வர வேறு பெரியவர் இல்லையா என்று டொக்டர் கேட்டது எனக்கு நல்ல ஞாபகம். அந்தக் கேள்வி எனக்கு அன்றே விளங்கியது. நான்தான் உன் தோளில் கையை வைத்து, மகன், நல்ல டொச் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். என் பிள்ளையின் டொச்சில் எனக்கு அவ்வளவு பெருமை. பெருமை மட்டுமில்லை, இன்னொரு தமிழ் ஆளைக் கூட்டிக்கொண்டு போனால் என் கழுத்துக் கட்டி பின்னேரத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். இங்கு வந்த நாங்கள் எல்லாரும் அப்படித்தான் செய்தோம். அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் பிள்ளைகளைத்தான் முன்னால் நிறுத்தினோம். பிள்ளை வீட்டு விஷயத்தை வெளியே சொல்லாது என்று மட்டும் யோசித்தோம். பிள்ளைக்குள்ளே அது போய் என்ன செய்யும் என்று யாரும் யோசிக்கவில்லை.

டொக்டர் நிறைய நேரம் கதைத்தார். நீ என் பக்கம் திரும்பி, “சின்னக் கட்டியாம் அம்மா. வெட்டி எடுத்தால் சரியாம்” என்றாய். அவ்வளவு கதைக்கு இவ்வளவுதானா என்று எனக்கு ஒரு கணம் தோன்றியது. உன் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒன்றும் இல்லை. எனக்கு நிம்மதியாகி, டொக்டருக்குச் சிரித்து நன்றி சொன்னேன். அவர் என்னை விசித்திரமாய்ப் பார்த்தார், தைரியமான பெண் என்று நினைத்திருப்பார். திரும்பி வரும் வழியில் பேக்கரியில் உனக்கு அப்பிள் கேக் வாங்கித் தந்தேன். நீ சாப்பிடாமல் கடதாசிப் பையோடு வீட்டுக்குக் கொண்டுவந்தாய். சாப்பாட்டை வீணாக்குகிறாய் என்று உன்னை ஏசினேன்.

பிறகு வெட்டினார்கள். பிறகு ஏதோ விசேஷ மருந்து தர வேண்டும், அந்த அறைக்குள் ஒருவரும் வரக்கூடாது என்றார்கள். தொற்று வராமல் இருக்கத்தானாம் என்று நீ சொன்னாய், நான் நம்பினேன்; அது புற்றுநோய்க்குத் தருகிற கதிர்வீச்சு மருந்து என்று இப்போதுதான் விளங்குகிறது. கதவு பூட்டிய அறைக்குள் நான் தமிழ்ப் பாட்டுக் கேட்டுக்கொண்டு கிடந்தேன், ஓய்வு கிடைத்தது என்றுகூட நினைத்தேன். நீ வீட்டிலிருந்து தொலைபேசியில் உன் வகுப்புப் பொடியன்களின் பகிடிகளைச் சொன்னாய். அந்தத் தவணை உனக்குக் கணக்கில் புள்ளி குறைந்தது. தாய் ஆஸ்பத்திரியில் கிடக்க உனக்கு விளையாட்டோ என்று கேட்டேன். அதற்குப் பிறகு வருடா வருடம் கழுத்தை ஸ்கான் பண்ணுகிற டெர்மின் நாளுக்கெல்லாம் நீதான் கூட வந்தாய், என் டொச் தேறிய பிறகும் அங்கே நீதான் கதைத்தாய். ஸ்டுட்கார்ட்டில் படிக்கும்போது ஒருமுறை பரீட்சையை விட்டுவிட்டு ரயில் ஏறி வந்தாய். தாயில் எவ்வளவு பாசம் பாருங்கோ என்று நான் காண்கிற எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சின்னக் கட்டிக்கு எதற்கு இவ்வளவு காலம் ஸ்கான் என்று ஒருநாளும் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால், கேட்க எனக்கு விருப்பம் இல்லாமலும் இருந்திருக்கலாம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கடிதங்களை உறை கிழிக்காமலே உன்னிடம் நீட்டியவள் நான்தானே.

ஞாயிறு பின்னேரமே அப்பாவிடம் சொன்னேன். அவர் பார்சல் வானைக் கழுவிவிட்டு வந்து காலை நீட்டிக்கொண்டு இருந்தார். கேட்டுவிட்டு வான் திறப்பை எடுத்துக்கொண்டு கீழே போனார். யன்னலால் பார்த்தேன், வானுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு சும்மா இருந்தார். நெடுநேரம் கழித்து மேலே வந்து, “பொடியன் எனக்கும் சொல்லேல்லையே” என்றார். பிறகு உன் நேர்முகச் சட்டையைத் தேடி எடுத்து அயன் பண்ணத் தொடங்கினார். அது ஏற்கனவே அயன் பண்ணின சட்டை. நான் சொல்லவில்லை, அவர் பண்ணட்டும் என்று விட்டேன்.

எனக்கு அன்றிலிருந்து பிடித்த பயம் வேடிக்கையானது. பன்னிரண்டு வருடத்துக்கு முந்தின பயம் இப்போது வந்து ஏறியிருக்கிறது. முடிந்துபோன விஷயத்துக்கு யாராவது நடுங்குவார்களா? நான் நடுங்குகிறேன். பல் தீட்டும்போது கை தானாய்க் கழுத்துக்குப் போகிறது. திங்கட்கிழமை நானே அந்த டொக்டரின் இடத்துக்குத் தொலைபேசி எடுத்துப் பேசினேன். வருடாந்தப் பரிசோதனை எப்படியும் அடுத்த மாதம் வர இருந்தது, இன்று, செவ்வாய்க்கிழமை, ஒருவர் வரவில்லை என்று காலையில் இடம் கிடைத்தது. நீ வேலைக்குப் போன பிறகு டிராமில் தனியே போனேன். நீ இல்லாமல் அந்தக் கதவைத் திறந்தது இதுதான் முதல்தடவை. மகன் வரவில்லையா என்று டொக்டர் கேட்டார். இல்லை, இன்றைக்கு நான் கதைக்கிறேன் என்றேன். எனக்கு அன்று வந்தது கூடாத கட்டியா, புற்றுநோயா என்று கேட்டேன். அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டார். ஆம் என்றார். உங்களுக்குத் தெரியும் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன் என்றார். பிறகு அந்தப் பிள்ளைக்கு அப்போது எத்தனை வயது என்று கேட்டார். சொன்னேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

இனி இரண்டாவது. இதை எழுதாமல் விட இந்தக் கடிதத்தை இரண்டு முறை மடித்து வைத்துவிட்டு மறுபடி எடுத்தேன். அவர் ஸ்கான் பண்ணினார். இடதுபக்கத்தில் ஓரிடத்தில் நெடுநேரம் நின்றார். சிறிதாய் ஒன்று தெரிகிறதாம். ஒன்றும் இல்லாமலும் இருக்கலாமாம், தடிமன் காய்ச்சலுக்கும் அப்படி வீங்குமாம், திரும்ப வந்ததாகவும் இருக்கலாமாம். வருகிற திங்கட்கிழமை ஊசியால் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். இவ்வளவுதான் அவர் சொன்னது. நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

டிராமில் வரும்போது முதலில் எடுத்த முடிவு, உனக்குச் சொல்வதில்லை என்பதுதான். வியாழக்கிழமை முடியட்டும், பிள்ளை நிம்மதியாய்ப் போய்க் கதைத்துவிட்டு வரட்டும், ஒன்றரை வருடமாய்க் காத்திருந்த இடம். எந்தத் தாயும் அப்படித்தான் செய்வாள். நான் இறங்க வேண்டிய தரிப்பைத் தாண்டிப் போய்விட்டேன். நீ அன்று டொக்டருக்கு முன்னால் கதிரையில் இருந்து என்ன நினைத்திருப்பாய் என்று அப்போதுதான் விளங்கியது. இதையேதான் நினைத்திருப்பாய். அம்மா இன்றைக்கு நிம்மதியாய் வீட்டுக்குப் போகட்டும், பிறகு பார்ப்போம். அந்தப் பிறகு வராமலே இத்தனை வருடம் போய்விட்டது. நானும் அதைத் தொடங்கினால் நாங்கள் இரண்டு பேரும் சாகும்வரை ஒருவரையொருவர் சிரித்துச் சமாளித்துக்கொண்டே இருப்போம்.

இன்னொன்றும் உண்டு. மறைத்தாலும் உன்னிடம் பலிக்காது. பன்னிரண்டு வயதிலிருந்து என் முகத்தை வாசித்து வருகிறவன் நீ. நாளைக் காலை கதவடியில் நான் வழியனுப்பும்போதே பிடித்துவிடுவாய், என்ன ஏது என்று தெரியாமல் ஹம்பேர்க்வரை நினைத்து நினைத்துப் போவாய். தெரியாத பயத்தைவிடத் தெரிந்த பயம் நல்லதா என்று எனக்கு நிச்சயமில்லை. நான் செய்வது பிழையாகவும் இருக்கலாம். இதனால் உன் நேர்முகம் கெட்டால் என்னை நானே மன்னிக்க மாட்டேன். அதற்கும் பயந்துகொண்டுதான் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை அந்தக் கதையை அவர்களுக்குச் சொல். ஞாயிற்றுக்கிழமை சொன்னது போலவே சொல். நோயாளிக்குப் பொய் சொன்னவனா என்று ஒருவர் நெற்றியைச் சுருக்கினால் பதறாதே. செய்தது பிழை, அப்போது நான் சின்னப் பிள்ளை என்று இரண்டையும் சேர்த்துச் சொல். ஒன்றை மட்டும் சொல்லாதே. நிச்சயம் யாராவது, அம்மாவுக்கு இப்போது தெரியுமா என்று கேட்பார்கள். ஓம், தெரியும் என்று சொல். கோபமா என்று கேட்டால், அம்மாவுக்குக் கோபம் இல்லை, என்னைத் தனியாய் விட்டுவிட்டோமே என்றுதான் அவவுக்குக் கவலை என்று சொல். அழுகை வந்தால் வரட்டும், ஆனால் மூக்கைச் சட்டைக் கையில் துடைக்காதே, அப்பா அந்தச் சட்டையில் பாடுபட்டிருக்கிறார். இடம் கிடைக்கவில்லை என்றாலும் இந்தக் கதையை அடுத்த பள்ளியிலும் சொல். அவர்கள் எடுத்தால் போ. நான் பயப்படுவேன் என்று நினைத்து நிற்காதே. நான் எப்படியும் பயப்படுவேன், அது என் வேலை.

ஹம்பேர்க்கில் சின்னம்மா வீட்டில் இரவுச் சாப்பாட்டை ஒழுங்காய்ச் சாப்பிடு. அவவிடம் இப்போதைக்கு ஒன்றும் சொல்லாதே, அவ அழத் தொடங்கினால் நீதான் தேற்ற வேண்டி வரும், உனக்கு நித்திரை முக்கியம். நேர்முகம் முடிந்ததும் எனக்குத் தொலைபேசி எடு. எப்படிப் போனது என்று உள்ளதைச் சொல், நல்லாய்ப் போனது என்று சும்மா சொல்லாதே.

இந்தக் கடிதத்தை வாசித்து முடித்ததும் அறைக்கு வா. ஒன்றும் கதைக்க வேண்டாம், வந்து இரு. எனக்குப் பயமாய் இருக்கிறது தம்பி. இந்த ஒரு வசனத்தை நான் சொல்ல வேண்டி வராமல் இத்தனை வருடம் பார்த்துக்கொண்டாய். இப்போது சொல்லிவிட்டேன். சொன்ன பிறகும் அடுப்பில் கறி கொதித்துக்கொண்டுதான் இருக்கிறது.

திங்கட்கிழமைக்குள் நீ திரும்பி வந்துவிடுவாய். விரும்பினால் என்னோடு டொக்டரிடம் வா. ஆனால் எனக்கும் அவருக்கும் நடுவில் கதிரையைப் போடாதே, என் பக்கத்தில் போட்டு இரு. அவர் சொல்வதை நான் கேட்கிறேன். உனக்குக் கேட்க ஏலாமல் போனால், வெளியில் வந்து நான் உனக்குத் தமிழில் சொல்கிறேன், அவர் சொன்னது அத்தனையும்.

அம்மா